நமுத்துப்போன ஓட்ஸ் மேலடுக்கைச் சரிசெய்த விதம்: என் அனுபவம்

ஆளுக்கொரு சிறு கிண்ணமாக நான் சுட்ட ஆப்பிள் கிரிஸ்ப் (ஆப்பிள் துண்டுகளின் மேல் ஓட்ஸ் கலவையைத் தூவிச் சுடும் இனிப்பு), முதல் மூன்று முறையும் மேலே நமுத்தும் அடியில் நீர்த்தும்தான் வந்தது. சூடு போதவில்லை என்று எண்ணி ஓவனின் வெப்பத்தைக் கூட்டியபோது ஓட்ஸ் கருகியதே தவிர, பழச்சாறு கெட்டிப்படவில்லை. பிறகுதான் தவறு புரிந்தது: நறுக்கிய பழம் சர்க்கரை பட்டதுமே நீர்விடத் தொடங்குகிறது, நானோ மேலடுக்கைத் தயாரிக்கும்வரை அதை அரை மணி நேரம் ஊறவிட்டு, அந்தச் சாற்றையும் சேர்த்தே கிண்ணத்தில் ஊற்றியிருக்கிறேன்.

இப்போது மேலடுக்கை முதலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். உடனடி ஓட்ஸ் குழைந்துவிடுவதால், முழு ஓட்ஸ் அவலுடன் மைதா, பழுப்புச் சர்க்கரை, குளிர்ந்த வெண்ணெய் ஆகியவற்றை விரல் நுனியால் உதிரியாகப் பிசிறுகிறேன். அதன்பின் பழத்தை நறுக்கி, கிண்ணத்துக்கு அரைத் தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் கலந்து, மேலடுக்கை அழுத்தாமல் தூவி, 180 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 30 நிமிடம் சுடுகிறேன். சாறு கொதித்தால்தான் கார்ன்ஃப்ளார் நன்கு இறுகும் என்பதால், மேற்புறத்தின் பொன்னிறத்தை மட்டும் நம்பாமல், ஓரங்களில் சாறு கெட்டியாகக் கொப்புளிப்பதைப் பார்த்த பிறகே வெளியே எடுக்கிறேன். (கிண்ணங்களுக்கு அடியில் தட்டு வைக்க மறந்த நாளில் ஓவனைத் தேய்த்துக் கழுவியது தனிக்கதை.) எடுத்தபின் 15 நிமிடம் ஆறவிட்டால் சாறு இன்னும் சற்று இறுகுகிறது.