எட்டுச் சொல், ஒரு பாட்டு, ஒரு வாரம்: பிள்ளைகளுக்குக் கடினமான தமிழ்ச் சொற்களைப் பழக்குவது எப்படி?

ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ‘சொல்லும் பொருளும்’ என்று ஒரு பட்டியல் வரும். பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளைகள் அதை உருப்போடுவார்கள். அடுத்த மாதம் கேட்டால் பாதி சொல் ஞாபகம் இருக்காது. மறதி என்று அவர்களைத் திட்டிப் பயனில்லை. பட்டியலில் இருக்கும் சொல்லைப் பிள்ளை காதால் கேட்டதில்லை, பிரித்துப் பார்த்ததில்லை, தன் சொந்த வாக்கியத்தில் போட்டுப் பார்த்ததும் இல்லை. பிறகு எப்படி நிற்கும்?

பாடுவது, பிரிப்பது, எழுதுவது. இந்த மூன்றையும் ஒரே எட்டுச் சொற்களின் மேல் ஒரு வாரம் செய்யச் சொல்வதுதான் இந்த விளக்கம். ‘ஒரே சொற்கள்’ என்பது முக்கியம். பாட்டுக்குச் சில சொல், இலக்கணத்துக்கு வேறு சில, கட்டுரைக்கு இன்னும் சில என்று சிதறவிட்டால் மூன்றும் மூன்று வீட்டுப்பாடமாகிவிடும். 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பெற்றோரும் செய்யலாம், டியூஷன் எடுப்பவர்களும் செய்யலாம்.

வேண்டியவை

ஒரு நோட்டு, துண்டுச் சீட்டுகள், ஒரு தமிழ் அகராதி. வீட்டில் அகராதி இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அப்புறம், கூச்சப்படாமல் பாட ஒரு பெரியவர். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

சின்னப் பாட்டாக இருக்க வேண்டும். சொற்களில் பாதி தெரிந்ததாகவும் பாதி தெரியாததாகவும் இருப்பது நல்லது. எல்லாமே புதிதாக இருந்தால் மந்திரம் போல ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமானது பாரதியாரின் ‘காணி நிலம் வேண்டும்’. மூன்றே பத்தி, எளிய ஓட்டம். ‘வேண்டும்’, ‘வேணும்’ இரண்டையும் அவரே கலந்து போட்டிருப்பதால் பிள்ளைகளுக்கு அந்நியமாகவும் தெரியாது.

அதிலிருந்து இந்த எட்டை எடுத்துக்கொள்வோம்: காணி, கேணி, கீற்று, சுடர், சித்தம், தென்றல், வையம், பாலித்தல். எட்டு குறைவாகத் தோன்றலாம். படி 3-க்குப் போனதும் இந்த எட்டோடு இன்னும் எத்தனை சொற்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று பார்ப்பீர்கள்.

படி 2: பொருள் சொல்லாமல் பாடுங்கள்

முதல் இரண்டு நாள் பாட்டு மட்டும்தான். பொருள் கேட்டால் “நீயே ஊகித்துச் சொல்” என்று விட்டுவிடுங்கள். தெரிந்த மெட்டில் பாடலாம், சொந்த மெட்டும் போடலாம். கைதட்டிச் சீராகப் பாடினால் போதும். கர்நாடக இசை படிக்கும் பிள்ளையாக இருந்தால் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் வரிகளை உட்கார வைக்கச் சொல்லுங்கள், உற்சாகமாகச் செய்வார்கள்.

பாடும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, நெடில் நன்றாக நீள வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வகுப்பில் படிப்பது இங்கேதான் காதுக்குப் புரியும். இன்னொன்று எதுகை. முதல் பத்தியில் காணி, தூணில், கேணி என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறது. அடுத்த பத்தியில் பத்து, முத்து, கத்தும், சித்தம். கடைசிப் பத்தியில் பாட்டு, கூட்டு, காட்டு. இதை நீங்கள் சொல்லாதீர்கள். “எந்தெந்த சொல் ஒரே மாதிரி ஒலிக்கிறது?” என்று கேட்டு, அவர்களையே பென்சிலால் வட்டம் போட வையுங்கள். எதுகைக்கு வேறு பாடம் எடுக்க வேண்டியிருக்காது. சொல் மறந்துபோகும்போது எடுத்துக் கொடுப்பதும் அந்த ஒலிதான்.

படி 3: சொல்லைப் பிரியுங்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாட்டில் நேரம் குறைந்தாலும் இதில் குறைக்காதீர்கள்.

நன்னூல் என்ற இலக்கண நூல், பகுபத உறுப்புகள் (பிரிக்கக்கூடிய சொல்லின் உறுப்புகள்) ஆறு என்கிறது: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். தொடக்கத்தில், சொல்லின் முதலில் நிற்கும் பகுதியும் கடைசியில் சேரும் விகுதியும் போதும். மற்ற நான்கையும் இப்போது கொண்டுவந்தால் பிள்ளை எழுந்து ஓடிவிடும்.

எளிதான கேணியில் தொடங்குங்கள். திருவல்லிக்கேணி என்ற ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி உடைக்கச் சொல்லுங்கள். திரு, அல்லி, கேணி. ‘ட்ரிப்ளிகேன்’ என்று மட்டும் கேட்டிருக்கும் பிள்ளைக்கு அதற்குள் ஒரு பூவும் ஒரு நீர்நிலையும் இருப்பது தெரியவரும். பாரதியார் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1921-இல் மறைந்ததும் அதே ஊரில்தான்.

தென்றலில் ‘தென்’ வெளிப்படையாகவே இருக்கிறது, தெற்கிலிருந்து வரும் காற்று. அதோடு வடக்கிலிருந்து வரும் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கீற்றுக்குப் பின்னால் ‘கீறு’ இருக்கிறது. கீற்றுக் கொட்டகை, ஒளிக்கீற்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளையே இணைத்துக்கொள்ளும். காணியைப் பிரிக்க முடியாது, ஆனால் கதை உண்டு. பழைய பின்னக் கணக்கில் காணி என்றால் 1/80. நில அளவையில் சுமார் 1.32 ஏக்கர். இலங்கையில் இன்றும் பொதுவாக நிலத்தையே காணி என்கிறார்கள்.

இனிப் பாட்டிலுள்ள இரண்டு வினைகளுக்கு வாருங்கள். குயிலோசை காதில் ‘பட’ வேண்டும் என்கிறார், சித்தம் ‘மகிழ’ வேண்டும் என்கிறார்.

‘படு’ என்ற பகுதியின் முதலெழுத்து நீண்டால் ‘பாடு’. கெடு கேடாவதும் பெறு பேறாவதும் இதே வழியில்தான். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்ற நீண்ட பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ‘பாடு’ என்று முடியும் சொற்களைச் சேகரிக்கச் சொல்லுங்கள். ஏற்பாடு, வழிபாடு, குறைபாடு, கட்டுப்பாடு, வெளிப்பாடு, உடன்பாடு, முரண்பாடு, நிலைப்பாடு, கோட்பாடு. செய்தித்தாளின் ஒரு பக்கத்திலேயே இவற்றில் பாதி கிடைக்கும். பெரியவர்களின் சொல் என்று பிள்ளை பயந்து ஒதுங்கிய முரண்பாட்டுக்குள் ‘முரண்படு’ இருப்பது தெரிந்ததும் அந்தப் பயம் போய்விடும். கேடு என்றால் சீர்கேடு, முறைகேடு. பேறு என்றால் மகப்பேறு.

‘மகிழ்’ என்பதோடு ‘சி’ விகுதி சேர்ந்தால் மகிழ்ச்சி. இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ர், ழ் என்று முடிந்தால் நடுவில் ‘ச்’ வரும்: வளர்ச்சி, உணர்ச்சி, வீழ்ச்சி. ல் என்று முடிந்தால் அது ‘ற்’ ஆகும்: முயல் முயற்சி, பயில் பயிற்சி, சுழல் சுழற்சி. ள், ண் என்றால் ‘ட்’: ஆள் ஆட்சி, மீள் மீட்சி, காண் காட்சி. வல்லின ற், ட் மெய்களுக்குப் பின்னால் இன்னொரு மெய் வராது. ஆகவே ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’ இரண்டும் பிழை. கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தினமும் பார்க்கிற பிழை இது. பிள்ளைகளை வேட்டைக்கு அனுப்புங்கள், பெரியவர்களின் பிழையைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் ஆனந்தமே தனி.

ஒரு எச்சரிக்கை. முன்பாதி ஒன்றுபோல இருப்பதெல்லாம் உறவல்ல. சித்தம் என்றால் மனம். சித்தர் ‘சித்தி’, அதாவது தவத்தால் கிடைக்கும் ஆற்றல், பெற்றவர். சித்தப்பா சிறிய அப்பா, சிற்றப்பா. மூன்றுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. பாட்டில் வரும் ‘காவல்’ என்பதிலிருந்து காவலர், காப்பகம், காப்பீடு என்று போகலாம், ஆனால் காப்பியம் அந்தக் குடும்பம் இல்லை, காப்பியும் இல்லை! பிரித்ததும் அகராதியைத் திறந்து சரிபார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திவிடுங்கள்.

மிச்சம் மூன்று சொல். சுடர் தீயின் ஒளி, ‘சுடர்விடும் கண்கள்’ என்று ஒரு உதாரணம் போதும். வையம் உலகம், வையகம் என்றும் வரும். பாலித்தல் காத்தல், கோயில் பரிபாலன சபையில் இருக்கும் அதே பாலனம்.

படி 4: எழுத வையுங்கள்

“சொல்லை வைத்து வாக்கியம் அமைக்க” என்று மட்டும் சொன்னால் “நான் நேற்று ஒரு கேணி பார்த்தேன்” என்று எழுதி நோட்டை நீட்டுவார்கள். கேணி இருந்த இடத்தில் யானையைப் போட்டாலும் அந்த வாக்கியம் செல்லும். அதனால் ஒரு விதி வையுங்கள்: சொல்லை விரலால் மறைத்தால், படிக்கிறவர் அதன் பொருளை ஊகிக்க முடிய வேண்டும். “விடிகாலையில் கேணிக்குள் வாளி மோதும் சத்தம் கேட்டால், பாட்டி தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம்.” மறைத்துப் பாருங்கள், கிணறு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு இதை விளையாட்டாகவே நடத்தலாம்.

அடுத்த நாள் நான்கு வரிப் பாட்டு. ‘எனக்கு என்ன வேணும்’ என்பதுதான் பொருள். எட்டில் இரண்டு சொல்லாவது வர வேண்டும், மூன்று வரியாவது எதுகையில் ஒன்ற வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

மாடியில் ஓர் அறை வேணும்
ஓடிவரும் தென்றல் வேணும்
மூடிய ஜன்னல் இடுக்கில்
ஒளிக்கீற்று விழ வேணும்

பெரிய கவிதை இல்லைதான். டி, டி, டி என்று மூன்று வரி ஒன்றுகிறது, இரண்டு புதுச் சொல் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் முயற்சிக்கு இது போதும். எழுதியதைப் பாடச் சொல்லுங்கள். தட்டுகிற இடம் பாடும்போதுதான் தெரியும், தானாகவே திருத்துவார்கள். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் சுழிக்கும் வேலையை இந்த ஒரு நாள் தள்ளிவையுங்கள்.

கொஞ்சம் தேறியவர்களுக்குப் புதுச்சொல் ஆக்கும் பயிற்சி கொடுக்கலாம். பேசு பேசியாகிறது, விசிறு விசிறியாகிறது, ஒலியைப் பெருக்குவது ஒலிபெருக்கி, குளிரை ஊட்டுவது குளிரூட்டி. அதே ‘இ’ விகுதியை வைத்து இல்லாத கருவி ஒன்றைக் கண்டுபிடித்து, பெயர் வைத்து, விளம்பரம் எழுதச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்தைத் தானே முடிக்கும் ‘பாடம்முடிப்பி’, அம்மா கூப்பிடுவதை வடிகட்டும் ‘அழைப்புவடிகட்டி’ எல்லாம் வரும். சிரித்துவிட்டு விகுதி சரியா என்று மட்டும் பாருங்கள்.

படி 5: சீட்டு எடுங்கள்

வாரக் கடைசியில் சீட்டுக்கு ஒரு சொல்லாக எழுதி, எட்டுச் சீட்டையும் ஒரு டப்பாவில் போடுங்கள். பிள்ளை ஒன்றை எடுத்து, அந்தச் சொல் வரும் வரியைப் பாட வேண்டும், அதன் உறவுச் சொல் ஒன்றைச் சொல்ல வேண்டும், அங்கேயே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மூன்றும் வந்தால் சீட்டு வெளியே, ஏதாவது ஒன்று வராவிட்டால் மறுபடி டப்பாவுக்குள். காணி, சுடர் போன்றவற்றுக்கு உறவுச் சொல் கிடைப்பது கஷ்டம், அவற்றுக்குப் பொருளைக் கேட்டால் போதும். தங்கிய சீட்டுகள் அடுத்த வாரச் சீட்டுகளோடு சேரட்டும்.

அடுத்த வாரத்துக்குப் பாட்டு தேடும்போது ‘கொள்’, ‘நில்’ என்ற வினைகள் வருகிற பாட்டாகப் பாருங்கள். கொள் கொடுத்தால் கொள்கை, கொள்முதல், கொள்ளளவு கிடைக்கும். நில் கொடுத்தால் நிலை, நிலைமை, நிலையம், நிலைப்பாடு கிடைக்கும். படி 3-இல் பிரிக்காமல் விட்ட கோட்பாட்டையும் அப்போது எடுக்கலாம். கொள் நீண்டு கோள், கோளோடு பாடு சேரும்போது ‘ள்’ என்பது ‘ட்’ ஆகிறது. ஆட்சியில் பார்த்த அதே மாற்றம்தான், பிள்ளையே பிடித்துவிடுகிறதா என்று பாருங்கள்.