மாலை வாடிய பிறகு: பூக்களை மறுபடி பயன்படுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், இராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் என எந்தப் பக்கம் போனாலும் பூ மலிந்த நம் வட்டாரத்தில், பூசை முடிந்த மாலையையும் விழாவுக்கு வந்த பூங்கொத்தையும் குப்பையில் போட மனம் வராமல் அவற்றைக் கொண்டு ஏதேனும் செய்து பார்ப்பவர்கள் பலர் உண்டு. அந்தப் பூ எதற்காக விளைவிக்கப்பட்டது என்று கேளாமல் அதற்கு இரண்டாவது வேலை கொடுப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் குல்கந்து. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளரும் தாஜ்மகால் போன்ற நீண்ட காம்பு ரோஜாக்கள் அழகுக்கான கொய்மலர்கள். செம்பேனுக்கும் சாம்பல் நோய்க்கும் அவற்றின்மீது மருந்து தெளிப்பார்கள். உண்ணும் பொருளல்ல என்பதால், தெளித்த பின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று உணவுப் பயிருக்கு உள்ள கட்டுப்பாடு இங்கே பார்க்கப்படுவதில்லை. நன்றாகக் கழுவினால் போதும் என்பதும் சரியன்று, ஏனெனில் சில மருந்துகள் செடிக்குள்ளேயே ஊடுருவி நிற்பவை. குல்கந்துக்கும் முகத்தில் பூசும் பன்னீருக்கும் மருந்தடிக்காமல் வீட்டில் வளர்த்த பன்னீர் ரோஜாவே உரியது. பூங்கொத்து ரோஜாவின் இதழ்களை நிழலில் உலர்த்திக் கிண்ணத்தில் அழகுக்கு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதைவிட ஆபத்தானது அரளி. சாமந்திக்கும் சம்பங்கிக்கும் நடுவே செவ்வரளி கோத்த பழைய மாலையை அப்படியே மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அரளியின் பூ, இலை, காம்பு அனைத்தும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. உலர்ந்தாலும் அது போய்விடுவதில்லை. காய்ந்த பூவை அரைத்துச் சாம்பிராணி பிடிப்பவர்களும் அரளியைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், அதன் புகையும் தீங்கானது.

செண்டுமல்லியில் துணிக்குச் சாயம் ஏற்றுவது எனக்குப் பிடித்த வேலை. முதல் முறை இரும்பு வாணலியில் கொதிக்கவிட்டு, மஞ்சளுக்கு ஆசைப்பட்ட துண்டைப் பாசிப்பச்சையாக எடுத்தவன் நான். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. பருத்தித் துணியைக் கடுக்காய் நீரிலும் பிறகு படிகார நீரிலும் ஊறவைக்காமல் நேரே சாயத்தில் முக்கினால், இரண்டு மூன்று துவைப்பில் நிறம் வெளுத்துவிடும்.

பூங்கொத்தைப் பிரித்துச் சிறு புட்டிகளில் வைக்கும்போது நீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளாமல் விடுவது ஒரு தவறு. அவை அழுகி, நீரில் பெருகும் நுண்ணுயிரிகள் காம்பை அடைத்துவிடுகின்றன. கிருஷ்ணகிரிக்காரர்கள் செய்யும் தவறு வேறு: மாம்பழக் காலத்தில் பழத்தட்டின் பக்கத்திலேயே பூவை வைப்பது. பழுக்கும் மாம்பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பூவை விரைவில் வாடவைக்கும். கார்னேஷன் அதற்குச் சற்றும் தாங்காது.

மக்குக் குழியில் போடும் முன் சரிகை, நைலான் நூல், தெர்மாகோல் உருண்டைகளைப் பிரித்துவிட வேண்டும். வாழைநார் பூவோடு மக்கிவிடும்.

உருளியில் இதழ்களை மிதக்கவிடுபவர்கள், நீர் குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய தேங்கிய நீரில்தான் முட்டையிடுகிறது, முட்டையும் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே 2 நாளுக்கு ஒருமுறை நீரை முழுவதும் கொட்டி, உருளியின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்த பின்னரே புது நீர் ஊற்ற வேண்டும்.