நாய்க்கு ஈஎம்ஜி டெஸ்ட் எடுக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

தொப்பூர்ல இருந்து ஓசூர் வரைக்கும் ஹைவேஸ் ஓரத்துல அடிபடுற நாய்ங்க கொஞ்ச நஞ்சம் இல்ல, அதுல சிலதுக்கு எக்ஸ்ரேல எலும்பு எல்லாம் நல்லா இருக்கும், ஆனா முன்னங்கால் மட்டும் தொவண்டு போய் பாதத்தோட மேல்பக்கம் தரையில தேய்ஞ்சுட்டே வரும். தோள்பட்டையில இருந்து காலுக்குப் போற நரம்புங்க இழுபட்டா இப்படித்தான் ஆகும். அந்த நரம்பும் தசையும் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கறதுதான் ஈஎம்ஜி டெஸ்ட். முதல் தப்பு, இந்த நரம்புக் காயத்த சுளுக்குன்னு சொல்லி மூங்கில் பத்தை வெச்சு இறுக்கிக் கட்டி விட்டுடறாங்க. ஏற்கனவே உணர்ச்சி இல்லாத கால், ரத்த ஓட்டமும் நின்னா அழுகிப் போகும், நாய் கத்தக்கூட கத்தாது.

அடுத்த தப்பு, அடிபட்ட மறுநாளே டெஸ்டுக்கு ஓடறது. ஈஎம்ஜில தசைக்குள்ள மெல்லிசான ஊசி எறக்கி அதுல வர்ற கரண்ட்ட ஸ்பீக்கர்ல கேப்பாங்க. நல்ல தசை சும்மா இருக்கும்போது சத்தமே வராது, நரம்பு அறுந்த தசைன்னா சூடான எண்ணெயில கடுகு பொரியற மாதிரி படபடன்னு கேக்கும். ஆனா நாய்க்கு இந்தச் சத்தம் வர சுமாரா 5ல இருந்து 7 நாள் ஆகும், அதுக்கு முன்னாடி போனா நார்மல்னு ரிப்போர்ட் வந்துடும், நாமளும் ஒண்ணுமில்லன்னு நம்பி உக்காந்துடுவோம்.

ஈசிஜி மாதிரி க்ளிப் மாட்டி அஞ்சு நிமிஷத்துல முடியற வேலையும் இல்லங்க. நாய்க்கு முழு மயக்கம் குடுக்கணும், அதனால டாக்டர் சொன்ன நேரத்துல இருந்து சாப்பாடு கிடையாது, பாவமா பாக்குதேன்னு ஒரு பிஸ்கட் போட்டாலும் மயக்கத்துல வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள போயிடலாம். சாப்பிட்டத அப்படியே கக்குற நாயா இருந்தா கண்டிப்பா முன்கூட்டியே சொல்லுங்க, உணவுக்குழாய் தளர்ந்து போன நாய்க்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஸ்டீராய்டு ஊசி ஏதாவது போட்டிருந்தா மறைக்காதீங்க, தசையில வீக்க நோய் இருந்தா அது அமுங்கிப் போய் ரிசல்ட்டு குழம்பும். சிகே (தசை அடிபட்டா ரத்தத்துல ஏறற ஒரு பொருள்) ரத்த டெஸ்ட் எடுக்கணும்னா ஈஎம்ஜி ஊசி குத்தறதுக்கு முன்னாடியே எடுக்கணும், குத்தினாலே அந்த அளவு ஏறிடும். தசையில இருந்து துண்டு எடுக்கறதா இருந்தா ஊசி குத்தாத பக்கத்துல எடுக்கறதுதான் முறை.

ஈஎம்ஜியோட சேத்து, நரம்புல சிக்னல் எவ்வளவு வேகமா போகுதுன்னு பாக்கற டெஸ்ட்டும் எடுப்பாங்க, அதுல குளிர் ஒரு தொல்லை. ஏசி ரூம்ல, இரும்பு டேபிள்ல மயங்கிக் கிடக்கற நாயோட கால் சில்லுனு ஆனா, ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் வேகம் செகண்டுக்கு சுமாரா 1.5ல இருந்து 2 மீட்டர் வரைக்கும் இறங்கும், நல்ல நரம்பு கூட கெட்டதா தெரியும். போர்வை, சூடு பேட் போடுவாங்களான்னு கேக்கறதுல தப்பே இல்ல. குட்டிக்கு இயல்பாவே வேகம் கம்மி, பெரிய நாயோட நம்பர வெச்சு பயப்படாதீங்க.

கட்டுவிரியன் கடிச்சோ, பாம்பு கடிச்சிருக்கும்னு சந்தேகம் வந்தோ நாய் சுருண்டுட்டா டெஸ்டெல்லாம் அப்புறம், முதல்ல விஷமுறிவு மருந்து. தடுப்பூசி போடாத நாய்க்குத் தாடை தொங்கி எச்சில் ஊத்துதுன்னா வாய்க்குள்ள கைய விடாதீங்க, அது வெறிநோயா இருக்கலாம்.

கால சுண்டினா இழுத்துக்குது, அப்போ உணர்ச்சி இருக்குன்னு நெனைக்கிறதும் தப்பு. மூளைக்குத் தெரியாமலே தண்டுவடம் மட்டும் கால இழுக்க முடியும், நாய் திரும்பிப் பாக்குதா, கத்துதான்னு பாருங்க.

சென்னை வேப்பேரி, நாமக்கல், பெங்களூரு ஹெப்பாள் மாதிரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, அங்க மெஷின் ஓடுதா, எந்தக் கிழமை எடுக்கறாங்கன்னு போன் போட்டு கேட்டுட்டுப் போங்க. ரிப்போர்ட்டு கோளாறு எந்த இடத்துலன்னு சொல்லும், ஏன் வந்துச்சுன்னு பெரும்பாலும் சொல்லாது.

ரிப்போர்ட்ட பாத்துட்டு உடனே கால எடுத்துடலாமான்னும் அவசரப்படாதீங்க. நரம்பு வளர்றது நாளைக்கு சுமாரா 1 மில்லிமீட்டர்தான், தோள்ல இருந்து பாதம் வரைக்கும் வர மாசக்கணக்குல ஆகும். தண்டுவடத்துல இருந்தே பிடுங்கிட்டு வந்திருந்தா மட்டும் அது திரும்ப வளராது. பாக்கி நாய்ங்களுக்கு பாதத்துல சாக்ஸ் போட்டு விட்டு, நக்கிக் கடிச்சுக் குதறாம கழுத்துல கோன் மாட்டி, சில வாரம் கழிச்சு திரும்ப ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்.