மூட்டு வலி மாத்திரையில் நாம் செய்யும் தவறுகள்

“முட்டி வலிக்கு ஒரு செட் குடுங்க” என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால், சின்னக் காகிதக் கவரில் நான்கைந்து மாத்திரைகள் வந்துவிடும். அட்டையைக் கத்தரியால் நறுக்கியிருப்பார்கள். பெயர் அச்சடித்த பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். என் அம்மாவின் மாத்திரை டப்பாவில் இப்படிப் பெயரில்லாத துண்டுகள் ஏழெட்டு கிடந்தன. எது எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், நாப்ராக்சன், எடோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாவதைத் தடுத்து வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்து வைப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். மாத்திரைக்கு முழங்கால் எது, வயிறு எது என்று தெரியாது.

எலும்பு டாக்டர் அசெக்ளோஃபெனாக் எழுதியிருப்பார். நடுவில் பல் வலி வந்தால் பல் டாக்டர் டைக்ளோஃபெனாக் தருவார், பழைய மாத்திரையைப் பற்றி நாம் சொல்லியிருக்க மாட்டோம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் வலி இரு மடங்கு குறையாது, கெடுதல்தான் கூடும். அசெக்ளோஃபெனாக் பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. டைக்ளோஃபெனாக் என்றால் நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் மேல் வரம்பு. வயதானவர்களுக்கு அதற்கும் குறைவாகத்தான் டாக்டர் தொடங்குவார். வலி மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘பி’ என்று இருந்தால் பெரும்பாலும் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது என்று பொருள். அது தெரியாமல் தலைவலிக்குத் தனியாக இன்னொரு பாராசிட்டமால் போடுகிறவர்கள் நிறைய.

“மாத்திரை வயிற்றைக் கெடுக்கும், ஊசி போட்டுக்கிறேன்” என்பது நம் ஊரில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. ஊசி மருந்தும் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய் அதே புரோஸ்டாகிளாண்டினைத்தான் தடுக்கிறது. சாப்பிட்ட பிறகு போடுவதும் அப்படித்தான்: எரிச்சல் குறையலாம், புண் வராது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. 65 வயது தாண்டியவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற ஒன்றைச் சேர்த்துத் தருவது அதனால்தான். அதை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். வயதானவர்களுக்குப் பல சமயம் வயிறு வலிக்காமலே உள்ளே ரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

என்னைக் கேட்டால், வயிற்றைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்குச் சிறுநீரகத்தைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. பிபிக்கு டெல்மிசார்டானோ எனலாப்ரிலோ, கூடவே சிறுநீர் பிரிய ஒரு மாத்திரை, அதற்கு மேல் முட்டிக்கு டைக்ளோஃபெனாக். பல வீடுகளில் பாட்டி தாத்தாவின் டப்பாவில் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும். வயலுக்குத் தண்ணீர் பாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை வரத்து மடையைக் குறுக்குகிறது. பிபி மாத்திரை வடிகால் மடையைத் திறக்கிறது. மூன்றாவது மாத்திரை வாய்க்காலிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. வயலில் தண்ணீர் எப்படி நிற்கும்? சிறுநீரக வடிகட்டியில் அழுத்தம் அப்படித்தான் இறங்கிப்போகிறது. கத்திரி வெயிலில் வேலை செய்து வியர்த்துக் கொட்டிய நாளிலும், வாந்தி பேதி வந்த நாளிலும் ஆபத்து பல மடங்கு. அந்த நாட்களில் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையையும் பிபியையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

(மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்தான் அதன் இறைச்சியைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்கு அதைக் கொடுக்க 2006இல் இந்தியா தடை போட்டது. நமக்கு அந்த அளவு ஆபத்து இல்லைதான். ஆனாலும் சாதாரண மருந்து இல்லை.)

இதயமும் இதில் அடக்கம். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது. பிபி கட்டுப்படாமல் 140/90க்கு மேலேயே நின்றால் எடோரிகாக்சிப் கூடாது. வயிற்றுக்கு இதமானது என்று விற்ற ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரையை 2004இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றதே மாரடைப்பு கூடியதால்தான். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இபுபுரூஃபனை அடிக்கடி சேர்த்தால், ஆஸ்பிரின் செய்ய வேண்டிய வேலையை அது கெடுக்கலாம்.

சரி, வலி போய்விட்டால் நோய் போய்விட்டதா? ருமட்டாய்டு என்கிற முடக்குவாதத்தில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். காலையில் விரல் மூட்டுகள் மணிக்கணக்கில் விறைத்து நிற்கும் அந்த நோயில், வலி மாத்திரை வலியை மட்டும் மறைக்கும். மூட்டு அரித்துச் சிதைவதைத் தடுக்காது. தடுப்பது மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள். அவை பலன் காட்ட 6 முதல் 12 வாரம்கூட ஆகும். அதற்குள் “இது கேக்கல” என்று அதை விட்டுவிட்டு, உடனே கேட்கிற வலி மாத்திரையைத் தொடர்கிறோம். இதைவிடக் கொடிய தவறு, வாரம் ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போடுவது. உயிரே போகும். கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

‘செட்’டில் இருக்கும் பெயர் தெரியாத சின்ன மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கலாம். வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுப் புண் ஆபத்து இன்னும் கூடும், சர்க்கரையும் ஏறும். ஆனால் பல வாரங்கள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

முழங்காலிலும் கையிலும் தேய்மானம் என்றால் மாத்திரைக்கு முன் டைக்ளோஃபெனாக் ஜெல்லைப் பற்றிக் கேளுங்கள். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. தைலம் மாதிரி துளி தடவிவிட்டு “பலனில்லை” என்று தூக்கிப் போடக் கூடாது. சொன்ன அளவில், சொன்ன வேளைக்குத் தடவ வேண்டும். மேலே வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே ஜெல் எட்டாது.

அப்புறம், மழைக்காலக் காய்ச்சல். மூட்டெல்லாம் வலிக்கிறது, சிக்குன்குனியாவாகத்தான் இருக்கும் என்று டப்பாவிலிருந்து டைக்ளோஃபெனாக்கை எடுக்காதீர்கள். டெங்குவிலும் உடம்பு அப்படித்தான் வலிக்கும், அதில் இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும்.