ஹாரிசன் தட்டுகளைத் தட்டிப் பார்ப்பது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவை ஒட்டிய சந்தில் எனக்குப் பழைய சாமான் கடை. பாகம் பிரித்த வீடுகளில் சாமான் எடுக்கக் கூப்பிடுவார்கள். பொறுக்கி எடுக்க விடமாட்டார்கள், அறையோடு மொத்தமாகப் பேசித்தான் எடுக்க வேண்டும். தேக்குப் பெட்டகமும் வரும், கைப்பிடி போன மங்குத் தூக்கும் வரும். கானாடுகாத்தான் பக்கம் அப்படி எடுத்த ஒரு அறையில், மரவைகளுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி நிறைய எல்.பி. இசைத்தட்டுகள் கிடந்தன. சீர்காழி, சூலமங்கலம் சகோதரிகள், நடுவில் செல்லரித்த உறையோடு ஒரே ஒரு வெள்ளைக்காரத் தட்டு. பினாங்கில் கடை வைத்திருந்த குடும்பம் அது. உறையில் தாமரைப் பூவும் பள்ளிக்கூட குரூப் போட்டோவும். பீட்டில்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவில் கிடார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசன், 'டார்க் ஹார்ஸ்', 1974.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். குரல் கரகரவென்று வந்தது. ஊசி தேய்ந்துவிட்டது என்று நினைத்து, மதுரைக்குச் சொல்லிவிட்டுப் புது ஊசி வரவழைத்து மாட்டினேன். அப்போதும் அதே கரகரப்பு. ஆத்திரத்தில் அதே ஊசியைச் சீர்காழி தட்டில் வைத்தேன். கணீரென்று பாடினார். ஊசிக்குக் கொடுத்த காசு போனதுதான் மிச்சம். கோளாறு ஹாரிசன் தொண்டையில் என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வருஷக் கடைசியில் சிதார் ரவிசங்கரோடு வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் முடிவாகியிருந்தது. ஒத்திகையும் ஆல்பம் வேலையும் ஒரே நேரத்தில் ஓட, தொண்டை கட்டிப்போனது. அந்தக் குரலோடேயே தட்டை முடித்தார், அந்தக் குரலோடேயே ஊர் ஊராகப் பாடினார். தொண்டை கட்டுவதற்கு ஆங்கிலத்தில் 'ஹோர்ஸ்' என்றும் ஒரு சொல் உண்டே, பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? தலைப்பையே திரித்துக் கிண்டல் அடித்தார்கள்.

பீட்டில்ஸிலிருந்து வந்தவர்களில் ஹாரிசனின் தனித் தட்டுகள்தான் ஏற்ற இறக்கம் அதிகம் உள்ளவை என்பது பொதுப் பேச்சு. குழு உடைந்தபின் வந்த முதல் ஆல்பம் மலை, மற்றதெல்லாம் மடு என்பார்கள். பாதி சரி. மறுபடி எப்படிக் கேட்பது என்று நான் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். சாமான் பார்க்கிற வழிதான், புதிதாக ஒன்றும் இல்லை.

முதலில், கோளாறு எங்கே என்று பிரித்துப் பாருங்கள். ஊசியிலா, தொண்டையிலா, பாட்டிலா? 'டார்க் ஹார்ஸ்' ஆல்பத்தை 2014இல் மறுபடி வெளியிட்டபோது, தலைப்புப் பாட்டின் ஆரம்பக்கட்டப் பதிவு ஒன்றையும் சேர்த்தார்கள். அதை முதலில் கேளுங்கள். பிறகு கரகரத்த பதிவுக்கு வாருங்கள். பாட்டு நல்ல பாட்டு, மேல் பூச்சுத்தான் உரிந்திருக்கிறது என்பது ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். 'சோ சேட்', 'ஃபார் ஈஸ்ட் மேன்' இரண்டையும் அதே காதோடு கேட்டால் நிற்கின்றன. புத்தாண்டுக்கென்று செய்த 'டிங் டாங்' எந்தக் குரலில் பாடினாலும் தேறாது. பிரிந்துபோன மனைவியையும் அவரைக் கூட்டிப்போன நண்பர் எரிக் கிளாப்டனையும் இழுத்து, எவர்லி சகோதரர்களின் பழைய பாட்டு ஒன்றை மாற்றிப் பாடியிருக்கிறார். வீட்டுச் சண்டையைத் தெருவில் போட்ட கதை. அதைக் கேட்டே தீரவேண்டும் என்றில்லை.

அடுத்தது வரிசை. எல்லாரும் 1970இல் வந்த 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தில்தான் தொடங்குவார்கள். தொடங்காதீர்கள். லெனனும் மெக்கார்ட்னியும் எழுதித் தள்ளிக்கொண்டிருந்த பீட்டில்ஸ் தட்டுகளில் ஹாரிசனுக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ பாட்டுதான் இடம். மீதியெல்லாம் வருஷக்கணக்காகப் பத்தாயத்தில் நெல் சேர்வது மாதிரிச் சேர்ந்து கிடந்தன. 'இஸ்ன்ட் இட் எ பிட்டி' 1966லேயே எழுதியது. குழு உடைந்ததும் பத்தாயத்தைத் திறந்து மூன்று தட்டாகக் கொட்டினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வருஷ விளைச்சல். பத்தாயத்து நெல்லையும் ஒரு போக நெல்லையும் பக்கத்தில் வைத்து அளந்தால், ஒரு போகம் தோற்கத்தான் செய்யும்.

ஆகவே நடுவிலிருந்து பிடியுங்கள். 1979இல் தன் பேரையே வைத்து ஒரு ஆல்பம் போட்டார். அதற்கு முந்தின வருஷம்தான் மகன் தானி பிறந்திருந்தான். அவசரம் இல்லாத, வயிறு நிறைந்த மனுஷன் பாடுவது போல இருக்கும். அதில் 'ப்ளோ அவே' பாட்டு, மழை பெய்து கூரை ஒழுகின ஒரு நாளில் எழுதியது. எங்கள் ஊரில் ஓட்டு வீட்டில் வாளி வைத்துப் பழகினவர்களுக்கு அது உடனே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தொழில்காரன் என்பதால். இங்கிலாந்தில் ஹென்லி என்ற ஊரில் ஃப்ரையர் பார்க் என்ற பெரிய பழைய மாளிகை. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடம் நடத்தி, கடைசியில் இடிக்கிற நிலைக்கு வந்துவிட்டது. அதை 1970இல் வாங்கி, ஆயுசு முழுக்கச் சீர்படுத்திக்கொண்டே இருந்தார் ஹாரிசன். இங்கே தூண் தூணாகப் பிரித்து லாரி ஏற்றுகிறவன் நான், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் அதைப் படித்தேன். அந்த வீட்டைக் கட்டிய சர் ஃபிராங்க் கிரிஸ்ப் சுவரெல்லாம் வாசகம் செதுக்கி வைத்திருந்தார். அதில் ஒன்றை எடுத்துத்தான் 1975இல் வந்த 'எக்ஸ்ட்ரா டெக்ஸ்சர்' ஆல்பத்தில் 'தி ஆன்சர்ஸ் அட் தி எண்ட்' என்ற பாட்டைப் பண்ணினார். அந்த ஆல்பத்தில் எனக்கு அதுவும் 'யூ'வும் போதும். 'யூ' 1971இல் பாடகி ரானி ஸ்பெக்டருக்காகத் தொடங்கி நின்றுபோன பாட்டு, சுருதி ஹாரிசனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும், ஆனாலும் துள்ளும். மற்றதெல்லாம் மந்தம், அறையோடு எடுத்ததில் வந்த மங்குத் தூக்கு.

இனி பெயின்ட் சமாசாரம். பர்மாத் தேக்குத் தூணுக்குப் பச்சை எனாமல் அடித்து வைத்திருப்பார்கள். வியாபாரி என்ன செய்வான்? கீழே கல் ஆதாரத்துக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பேனாக் கத்தியால் ஒரு நக அளவு சுரண்டுவான். ரேகை தெரிந்தால் விலை பேசுவான். 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தின் மேல் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் அடித்த பெயின்ட் எதிரொலி. இருபது பேர் ஒரே அறையில் வாசிப்பது போல ஒரு முழக்கம். எதிரொலி அதிகம், பாட்டுகளை அந்தப் பெரிய ஓசையிலிருந்து விடுவிக்க ஆசை என்று 2001 மறுவெளியீட்டின்போது ஹாரிசனே எழுதினார். 2021இல் வந்த புது மிக்ஸில் கொஞ்சம் சுரண்டியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

சுரண்டுவதற்கு நான் வைத்திருக்கும் கத்தி இது. ஒரு பாட்டை மூன்று தடவை கேட்பேன். முதல் தடவை குரல் மட்டும். இரண்டாவது தடவை ஸ்லைடு கிடார் மட்டும். மூன்றாவது எல்லாம் சேர்ந்து. ஸ்லைடு என்பது விரலில் குழாய் மாட்டிக் கம்பியில் வழுக்குவது, நம்ம கோட்டுவாத்தியத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஹாரிசன் கை அதில் தனியாகத் தெரியும். கதவைப் பார்த்ததும் இது இந்த ஆசாரி வேலை என்று சொல்கிறோமே, அப்படி. விற்காமல் போன 1982 'கான் ட்ராப்போ' ஆல்பத்தில்கூட 'தட்ஸ் த வே இட் கோஸ்' பாட்டில் அந்தக் கை அப்படியே இருக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் 108ஆம் இடத்தோடு நின்ற தட்டு அது. அவரும் விளம்பரத்துக்கு அசையவில்லை, அடுத்த ஐந்து வருஷம் தட்டே போடவில்லை. கடைசிப் பாட்டு 'சர்க்கிள்ஸ்' 1968இல் எழுதியது. பதினாலு வருஷம் பரணில் கிடந்த சாமான்.

கம்பெனிக்காரன் கை வைத்த இடத்தையும் பார்க்க வேண்டும். 1980இல் 'சம்வேர் இன் இங்கிலாந்து' ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வார்னர் கம்பெனி ஏற்கவில்லை. நாலு பாட்டைக் கழற்றிவிட்டு வேறு நாலு போடச் சொன்னார்கள், உறையையும் மாற்றினார்கள். கழன்றுபோனவை 'டியர்ஸ் ஆஃப் த வேர்ல்ட்', 'சாட் சிங்கிங்', 'லே ஹிஸ் ஹெட்', 'ஃப்ளையிங் ஹவர்'. புதிதாகச் சேர்ந்ததில் ஒன்று கம்பெனிக்காரர்களையே திட்டுகிற பாட்டு. இன்னொன்று, லெனன் சுடப்பட்ட பிறகு அவர் நினைவாக வரிகளை மாற்றி எழுதிய 'ஆல் தோஸ் இயர்ஸ் அகோ'. அதில் பழைய பீட்டில்ஸ் கூட்டாளிகள் ரிங்கோவும் மெக்கார்ட்னியும் இருக்கிறார்கள். கழன்ற நாலும் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய வரிசையில் பட்டியல் போட்டு ஒரு ராத்திரி கேளுங்கள். 'சாட் சிங்கிங்', 'லே ஹிஸ் ஹெட்' இரண்டையும் கழற்றியது அநியாயம் என்பேன். ஆனால் லெனன் பாட்டு அந்தக் கலவரத்தில்தான் உள்ளே வந்தது என்பதையும் மறக்க முடியாது. கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது பெரிய குற்றச்சாட்டு. 1973இல் வந்த 'லிவிங் இன் த மெட்டீரியல் வேர்ல்ட்' வெறும் உபதேசம் என்று அந்த ஊர் விமர்சகர்கள் சலித்துக்கொண்டார்கள். கடவுள், கடவுள், மறுபடி கடவுள். இந்த இடத்தில் அவர்கள் காதைக் கடன் வாங்காதீர்கள். மார்கழி விடிகாலையில் திருவெம்பாவை இருபது பாட்டும் ஏலோரெம்பாவாய் என்றுதான் முடிகிறது. சொன்னதையே சொல்கிறார்கள் என்று கோயிலிலிருந்து எழுந்து போனவர் யாராவது உண்டா? நமக்குத் திரும்பச் சொல்வது பழுது இல்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பாட்டில் அவர் கேட்கிறாரா, சொல்கிறாரா? 'கிவ் மீ லவ்' பாட்டில் கை நீட்டிக் கேட்கிறார், அது உருக்குகிறது. 'த லார்ட் லவ்ஸ் த ஒன்' பாட்டில் கணக்கப்பிள்ளை கல்லாவில் உட்கார்ந்து புத்தி சொல்வது போலச் சொல்கிறார். அங்கே விமர்சகர்கள் பக்கம்தான் நானும். தலைப்புப் பாட்டில் ராக் வேகம் நின்று தபலா வரும் இடத்தைக் கவனியுங்கள், வாசிப்பது அப்போது இளைஞராக இருந்த ஜாகிர் உசேன். 'பி ஹியர் நௌ' பாட்டை மத்தியானம் கேட்டால் தூக்கம் வரும். இரவு பத்து மணிக்கு மேல், வளவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

நேரம் அவ்வளவு முக்கியம். ஒரு பாட்டுக்கு ஒரே நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள். நான் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஆல்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வை, பார், கழி என்று மூன்றே குறி போடுகிறேன். ஒரு மாசம் கழித்து மறுபடி கேட்டு, பழைய குறியைப் பார்க்காமல் புதுக்குறி. 1976இல் வந்த 'தர்ட்டி த்ரீ அண்ட் எ தர்ட்' ஆல்பத்தில் ஆறு குறி மாறிப்போயின, எல்லாம் மேலே. தட்டு சுற்றும் வேகத்தையும் தன் வயசையும் சேர்த்து வைத்த பேர் அது. மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்து செய்தது. 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தில் இருந்த 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டின் மெட்டு இன்னொரு பாட்டிலிருந்து அறியாமல் எடுத்தது என்று அதே வருஷம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கையே கேலி செய்து 'திஸ் சாங்' என்று ஒரு பாட்டு வைத்தார். மனுஷன் விழுந்த இடத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

பக்கம் பக்கமாகக் கேளுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போனில் கேட்டாலும், எல்.பி.யின் ஒரு பக்கம் இருபது நிமிஷம், அதோடு நிறுத்திக் காப்பி குடியுங்கள். நாற்பது நிமிஷம் ஒரே மூச்சில் கேட்கச் செய்தவை அல்ல அவை. 1987இல் தயாரிப்பாளர் ஜெஃப் லின்னோடு சேர்ந்து செய்த 'க்ளவுட் நைன்' ஆல்பத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், அது தானே ஓடும்.

'பிரெயின்வாஷ்ட்' ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள். 2001 நவம்பர் 29இல் அவர் இறந்த பிறகு, மகன் தானியும் ஜெஃப் லின்னும் முடித்து 2002இல் வெளியிட்டது. அதில் 'மார்வா ப்ளூஸ்' என்று பாட்டே இல்லாத ஒரு துண்டு, முழுக்க ஸ்லைடு. மார்வா ராகத்துக்கும் நம்ம ஹம்சானந்திக்கும் சுரம் ஒன்று, நடைதான் வேறு. நான் அதற்குள் ஹம்சானந்தியைத் தேடினேன், கிடைக்கவில்லை. அந்திப் பொழுது கிடைத்தது, மார்வா பாடுகிற நேரம் அதுதான். கிராமி விருது வாங்கிய துண்டு.

தலைப்புப் பாட்டு ஆல்பத்தின் முடிவில் வருகிறது. பள்ளிக்கூடம், பங்குச் சந்தை, கம்ப்யூட்டர் என்று உலகத்தையே வைது தீர்த்துவிட்டு, திடீரென்று கிடார் அடங்கி, அப்பாவும் மகனும் சேர்ந்து நம பார்வதி பதயே என்று தொடங்குகிறார்கள். போன வாரம் கடையில் அது ஓடிக்கொண்டிருந்தபோது, பித்தளைக் குத்துவிளக்குக்கு விலை கேட்டு ஒரு ஆச்சி நின்றிருந்தார்கள். முன்னால் ஓடின சத்தத்துக்கு முகம் சுளித்தவர்கள், இதைக் கேட்டதும் விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்து, "ஹர ஹர மகாதேவா" என்றார்கள்.

"யாரப்பா பாடுறது? நம்ம பக்கத்து ஆளு மாதிரி இல்லையே."

"வெள்ளைக்காரர், ஆச்சி. காலமாயிட்டாரு."

"நல்லாச் சொல்றான். இந்த விளக்கு எம்புட்டுன்னு சொன்னே?"