நீலகிரின்னா ஊட்டி மட்டும் இல்லைங்க

"ஊட்டில மழையா?"ன்னு ஒரு போன் போட்டு கேட்டுட்டு, அதை நம்பி கூடலூருக்கு கிளம்பிடறாங்க. மொத்த மாவட்டத்துக்கும் ஒரே கிளைமேட்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. கூடலூர், பந்தலூர், தேவாலா எல்லாம் மேற்கு பக்கம், அங்க ஜூன்ல பிடிச்சா ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்கு பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி கிழக்கு சரிவு, அங்க பெரிய மழை அக்டோபர், நவம்பர்லதான். மசினகுடிக்கு ரெண்டு மழையும் சரியா எட்டாது, கூடலூர்ல இருந்து வண்டில ஒரு மணி நேரம் கூட ஆகாது, ஆனா இறங்கிப் பார்த்தா முள்ளுக்காடும் காஞ்ச மண்ணும்தான்.

இது டூர் வர்றவங்களுக்கு மட்டும் சொல்லல, இடம் வாங்குறவங்களும் தயவுசெய்து கேளுங்க. 2019 ஆகஸ்ட் 8ல ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சில ஒரே நாள்ல 82 செ.மீ மழை. 2009ல குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் மண்சரிவுல 40 பேருக்கு மேல போனது நவம்பர்ல. மே மாசம் வெயில்ல வந்து சரிவைப் பார்த்து "சூப்பர் வியூ"ன்னு அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க, அந்தப் பக்கத்துக்கு எந்த மழையோ அந்த மாசத்துல வந்து தண்ணி எந்த வழியா இறங்குதுன்னு நின்னு பாருங்க.

அடுத்தது உறைபனி. உச்சிலதான் விழும்னு டிசம்பர் விடிகாலைல தொட்டபெட்டாவுக்கு, அதாவது 2,637 மீட்டருக்கு, ஏறணும்னு கேக்குறாங்க. மேகம் இல்லாத, காத்து இல்லாத ராத்திரில குளிர்ந்த காத்து கனத்துப்போய் தண்ணி மாதிரியே கீழ வழிஞ்சு பள்ளத்துல தேங்கும், அதனாலதான் தலைக்குந்தா, காந்தல், ரேஸ்கோர்ஸ் மைதானம்னு தாழ்வான இடமா பார்த்து வெள்ளையா படியுது. பள்ளத்துல தேயிலை வச்சவங்களுக்கு அது அழகே இல்ல, வெயில் ஏறினதும் கொழுந்தெல்லாம் கருகி டிகாஷன் நிறத்துக்கு வந்துடும்.

புல்வெளிய சும்மா கிடக்குற நிலம்னு நினைக்கிறதும் ரொம்ப பழைய தப்பு, வெள்ளைக்காரன் காலத்துலயே அப்படி நினைச்சு சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டாங்க. சோலைக்காடும் புல்லும் சேர்ந்து மழைய பிடிச்சு வச்சு மெதுவா விடறதாலதான் கோடைலயும் ஓடை ஓடுது, 1932ல இருந்து பைக்காரால கரண்ட் எடுக்கறதும் இந்த மலைத் தண்ணிலதான்.

கடைசியா, தேயிலைத் தோட்டம்னாலே பணக்காரங்கன்னு ஒரு நினைப்பு. இங்க பெரும்பாலானவங்க ஒண்ணு ரெண்டு ஏக்கர்காரங்க, நாலு கிலோவுக்கு மேல பச்சைத் தேயிலை போட்டாதான் ஒரு கிலோ தூள். கேரட்டுக்கு விலை இல்லன்னா ரெண்டு நாள் பொறுத்து தோண்டலாம், பறிச்ச கொழுந்துக்கு அந்த வசதி இல்ல. அன்னைக்கே ஃபேக்டரிக்கு போயாகணும், அவங்க சொல்ற விலைக்கு போட்டாகணும், நாளைக்குன்னு வச்சா சாக்குக்குள்ளயே சூடேறி சிவந்துடும்.