படுத்த படுக்கையான பெரியவருக்கு வீட்டில் ஆள் உதவி ஏற்பாடு செய்வது எப்படி?

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அவசரமாக ஏஜென்சிக்கு போன் போட்டு "ஒரு நர்ஸ் அனுப்புங்க" என்று கேட்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று தெரியாமல் கேட்டால் பணமும் கரையும், வேலையும் நடக்காது.

1. ஒரு நாள் வேலையை எழுதுங்கள்

காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 வரை மணிவாரியாக எழுதுங்கள்: உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது, சாப்பாடு, மாத்திரை, புரட்டிப் படுக்க வைப்பது. ஊசி போடுவது, மூக்கு ட்யூப், யூரின் ட்யூப் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகியவற்றைத் தனியாக வட்டமிடுங்கள். வட்டமிட்டவை பயிற்சி பெற்ற நர்ஸின் வேலை. மற்றவற்றை அட்டெண்டர் (பராமரிப்பு உதவியாளர்) பார்க்கலாம். பல வீடுகளுக்குத் தினமும் ஓர் அட்டெண்டரும், தேவைப்படும் நாளில் வந்துபோகும் நர்ஸும் போதும். அட்டெண்டரை ஊசி போடச் சொல்லாதீர்கள்.

2. அரசு சேவையைக் கேளுங்கள்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஆதார் நகலோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள்.

பென்ஷன் வாங்குபவரா? உயிர்வாழ் சான்றுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு பேங்குக்குப் போக வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வைத்து எடுத்துத் தருவார். வயதானவர்களின் ரேகை தேய்ந்து கருவியில் விழாமல் போவது வழக்கம். முகத்தை வைத்து மொபைலில் எடுக்கும் வசதியும் இருக்கிறது.

3. ஏஜென்சியிடம் பேசும்போது

12 மணி நேரமா, தங்கி வேலை செய்பவரா? சாப்பாடு யார் பொறுப்பு? லீவு எடுத்தால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார்? அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா? இத்தனையையும் எழுத்தில் வாங்குங்கள். ஆளின் ஆதார் நகலும் போலீஸ் வெரிஃபிகேஷனும் கட்டாயம்.

பெரும்பாலான சண்டைகள் ராத்திரி வேலையில்தான் தொடங்குகின்றன. 24 மணி நேர ஆள் என்றால் 24 மணி நேரமும் விழித்திருப்பவர் அல்ல. தானாகப் புரள முடியாதவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். பகல் முழுக்க உழைத்தவரிடமே ராத்திரியையும் விட்டால், அசதியில் அவர் தூங்கிவிடுவார். விடிந்து பார்த்தால் இடுப்பில் படுக்கைப் புண் ஆரம்பித்திருக்கும். இரவு 10, 12 மணிக்குப் புரட்டுவதை வீட்டார் எடுத்துக்கொண்டால் வேலை ஆளுக்குத் தொடர்ந்து சில மணி நேரத் தூக்கம் கிடைக்கும். ஏர் பெட் (காற்று நிரப்பிய மெத்தை) போட்டிருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது.

4. முதல் வாரம் கூடவே இருங்கள்

மூக்கு ட்யூபில் ஊட்டும்போது தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். ஊட்டிய பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். உடனே படுக்க வைத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. புரட்டும்போது அந்தப் பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. சிறுநீர் திரும்ப உள்ளே போய்த் தொற்று வரும்.

தினமும் குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் நீங்களே பாருங்கள். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. ஆகவே தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கருத்தோ இருந்தால் புண்ணின் தொடக்கம். அங்கே தேய்த்துவிடாதீர்கள், அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள், நர்ஸை அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.

எந்தச் சேவைக்கு யாரைக் கேட்பது என்று புரியாவிட்டால், முதியோருக்கான 14567 என்ற இலவச எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது.